நாலாவது கல்லூரிக்கு ஒரு நற்சான்றிதழ்

ஊர்காவற்றுறை
12.09.2023

அன்புள்ள ஜெனீற்றா,

என் வலது முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் கிறிஸ்ரியும் மகன் டிலானும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒளிக்காமல் எழுது.

ஞாயிறு பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு நிலக்சனா கோவில் வாசலில் என்னை மறித்தாள். "அன்ரி, உங்கட டிலானைப் பாருங்கோ" என்று போனை நீட்டினாள். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தலைக்கவசம் போட்ட இருபத்திரண்டு தடியர்கள். அதில் ஒருவன் பந்தை வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறான். மூன்று பேர் மேலே விழுந்தார்கள், மூவரையும் உதறினான். நாலாவது ஆள் சட்டையைப் பிடித்தான். சட்டை நீண்டது, பிள்ளை நிற்கவில்லை. அறுபது யார் தூரம் ஓடினானாம். முடிந்த பிறகு பார்த்தால், வின்சன்ற் சுவாமியாரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

டிலான் விளையாடும் இடத்துக்கு 'ரன்னிங் பாக்' என்று பெயராம். இறங்குதுறை டெனிஸ்ரன் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, பாக் எண்டால் பின்னுக்கு நிண்டு மறிக்கிறவனெல்லோ, இவன் ஏன் முன்னுக்கு ஓடுறான்?" என்று கேட்டான். "உமக்குத் தெரிஞ்ச உதைபந்து இல்லை இது, அமெரிக்கன் உதைபந்து" என்றேன். எனக்கும் தெரியாது. அதை அவனிடம் சொல்லவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒகாயோ, பிறகு கான்சஸ், இப்போது வட டக்கோட்டா. மூன்று வருடத்தில் மூன்று கல்லூரி. நான் கன்னியர் மடத்தில் படித்த பதினொரு வருடத்தில் ஒரே ஒருத்திதான் இடையில் பள்ளிக்கூடம் மாறினாள். அதன் காரணத்தை இன்றைக்கும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளை என்ன செய்தான்? இரண்டு இடத்திலும் விடுகைப் பத்திரம் ஒழுங்காகக் கொடுத்தார்களா?

போனில் பதில் சொல்லாதே. போனில் நீ சிரித்துச் சமாளிப்பாய். உன் அத்தான் முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்தவர். அவர் வீட்டுக்குக் கடிதம்தான் வரவேண்டும்.

பந்தை எத்தனை தரம் கீழே போட்டான் என்றும் எழுது.

உன் அக்கா,
யூலியட் பத்திநாதர்


ஸ்காபரோ
கனடா
08.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் ஒரு போத்தல் அனுப்பியிருக்கிறேன். நாங்கள் மூவரும் நலம்.

அக்கா, பிள்ளையை ஒருவரும் விரட்டவில்லை. ஒகாயோவில் அவனுக்கு முன்னால் வரிசையில் ஆறு ஓட்டக்காரர்கள். ஒரு வருடம் முழுவதும் ஆடாமல் வாங்கிலேயே இருந்தான். கான்சஸ் இரண்டு வருடக் கல்லூரி. அங்கே பந்து கிடைத்தது, ஓடினான். அதைப் பார்த்து டக்கோட்டா கூப்பிட்டது. இங்கே கல்லூரி மாற விரும்புகிறவன் தன் பெயரை ஒரு பட்டியலில் போடுவான். வேண்டிய பயிற்றுநர் எடுத்துக்கொள்வார். யாழ்ப்பாணம் பண்ணையில் இறங்கி வேறு பேருந்து ஏறுவது போல.

போன சனிக்கிழமை இரண்டு டச்டவுன் வைத்தான். எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோவதுதான் அது. கிறிஸ்ரி இருபது மணித்தியாலம் கார் ஓடிப் போய்ப் பார்த்தார். கத்தித் தொண்டை அடைத்து வந்தார், மூன்று நாள் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. அடுத்த வருடம் தொழில்முறை அணிகளின் ஆட்கள் பார்க்க வருவார்கள் என்கிறார்கள். நான் எதையும் எண்ணிக்கொள்ளாமல் இருக்கிறேன். ஆனால் எண்ணுகிறேன்.

பந்தை இதுவரை ஒரே தரம் போட்டான்.

அன்புத் தங்கை,
ஜெனீற்றா


ஊர்காவற்றுறை
05.11.2023

அன்புள்ள ஜெனீற்றா,

எண்ணெய் வந்தது. மணம் சகிக்க ஏலாது, ஆனால் வேலை செய்கிறது. உங்கள் சுகத்துக்குத் தினமும் செபமாலையில் ஒரு பத்துமணி சொல்கிறேன்.

ஆத்துமாக்கள் திருநாளன்று அத்தானின் கல்லறைக்குப் பூ வைத்து, உன் கடிதத்தை அங்கேயே வாசித்தேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்த பிலோமினம்மா, "யூலியட், ஆருக்கு வாசிக்கிறீர்?" என்றாள். "தபாலதிபருக்கு" என்றேன். அவள் இரண்டு டச்டவுன் என்ற இடத்தைத் தானும் நின்று கேட்டாள்.

விளையாட்டின் சட்டங்களை ஒரு கொப்பியில் எழுதிப் படிக்கிறேன். நாலு முயற்சியில் பத்து யார் போகவேண்டும். போகாவிட்டால் பந்து மற்றவர்களுக்கு. நல்ல சட்டம். ஆனால் ஒரு தரம் போட்டான் என்று எழுதியிருக்கிறாய். ஏன் போட்டான்?

இந்த ஞாயிறு டிலானின் ஆட்டப் படம் வரவில்லை. இணைப்புச் சரியில்லை என்று நிலக்சனா சொல்கிறாள். விவரம் நீ எழுது.

உன் அக்கா,
யூலியட்


ஸ்காபரோ
10.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருட வாழ்த்துகள். பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். இங்கே இந்த முறை கடுமையான பனி. வாசலை ஒரு நாளில் மூன்று தரம் வழிக்கவேண்டியிருக்கிறது. காரின் கதவு உறைந்து, சுடுநீர் ஊற்றித் திறந்தோம். பனி சறுக்கி, எங்கள் தெருவில் ஒரு கிழவர் விழுந்துவிட்டார். பாடசாலைகளை இரண்டு நாள் மூடினார்கள். இப்படியொரு பனியை நான் வந்த காலத்திலிருந்து கண்டதில்லை.

டிலான் நத்தார்ப் பண்டிகைக்கு வந்தான். வீட்டில்தான் நிற்கிறான், படிப்பை இங்கிருந்தே செய்கிறான்.

நத்தார்ப் படம் ஒன்று வைத்திருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி?

அன்புத் தங்கை,
ஜெனீற்றா


ஊர்காவற்றுறை
02.02.2024

ஜெனீற்றா,

என் முழங்கால் இருக்கட்டும். அவனுடைய முழங்கால் எப்படி?

உன் கடிதத்தில் பனிக்கு ஒரு பந்தி, பிள்ளைக்கு ஒரு வரி. படத்தில் எல்லாரும் முன்னால் நிற்க, அவன் மட்டும் கதிரைக்குப் பின்னால் நிற்கிறான். இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்திருக்கிறான். இடது தோள் தாழ்ந்திருக்கிறது. நாலு வருடமாக அப்படித்தான் நானும் நிற்கிறேன், எனக்கா தெரியாது? நிலக்சனாவும் நவம்பர் முழுவதும் தேடிவிட்டு, "அன்ரி, அவர் அங்க இல்லை" என்று கடைசியில் ஒத்துக்கொண்டாள். இணைப்பு நல்லாகத்தான் இருந்ததாம். உன்னைப் போல அவளும் என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள்.

அப்பா செத்தபோது உனக்கு ஆறு வயது. உனக்குத் தலை வாரிவிட்டவள் நான். எனக்குப் பனி எழுதாதே.

யூலியட்


ஸ்காபரோ
01.03.2024

அன்புள்ள அக்கா,

மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கே தனியாக இருந்து யோசிப்பீர்கள் என்றுதான் எழுதவில்லை.

ஒக்டோபர் இருபத்தெட்டு. ஒருவரும் இடிக்கவில்லை. ஓடும்போது திரும்பினான், இடது முழங்காலில் தசைநார் அறுந்தது. சத்திரசிகிச்சை நடந்தது. ஓகஸ்ற்றில் ஓடலாம் என்று வைத்தியர் சொல்கிறார். ஆனால் டக்கோட்டாவில் அவன் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். பெயர் திரும்பவும் பட்டியலில் இருக்கிறது. அவனுக்கு விளையாட இன்னும் ஒரே ஒரு வருடம்தான் உரிமை. ஓகஸ்ற்றுக்குள் ஒரு கல்லூரியும் எடுக்காவிட்டால் அத்தோடு முடிந்தது.

நாற்பது பயிற்றுநர்களுக்கு எழுதினான். இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள். ஒருவர் இல்லை என்றார். மற்றவர் அயோவாவில் ஒரு சின்னக் கல்லூரி, சோளவயலுக்கு நடுவில். "ஏன் இத்தனை இடம் மாறினாய்? உன்னை அறிந்த ஒருவரை எழுதச் சொல்" என்று கேட்டிருக்கிறார். பழைய பயிற்றுநர் எழுதுகிறேன் என்று சொல்லி ஐந்து கிழமை ஆகிவிட்டது, இன்னும் எழுதவில்லை. நேற்று, "அம்மா, நான் கடையில் வேலைக்குப் போகவா?" என்று கேட்டான். அறைக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

ஜெனீற்றா


ஊர்காவற்றுறை
20.03.2024

அன்புள்ள ஜெனீற்றா,

அழுதது போதும். அந்தப் பயிற்றுநர் கேட்டது நியாயமான கேள்வி. மூன்று கல்லூரி மாறியவனைப் பற்றி நானும் உன்னிடம் அதைத்தான் கேட்டேன். இங்கே ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் மாறினால் பங்குச் சுவாமியாரின் கையெழுத்தோடு நற்சான்றிதழ் கொண்டுபோகவேண்டும். உங்கள் நாட்டில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

ஆகவே நானே எழுதினேன், மடத்து ஆங்கிலத்தில். உனக்காகத் தமிழில் ஒரு பிரதி:

"கிறிஸ்ரி டிலான் என் தங்கையின் மகன். காலையில் பிந்தி எழும்புவான். சாப்பிட்ட கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போவான். பிரசங்க நேரத்தில் கொட்டாவி விட்டதை நானே கண்டேன். மூன்று கல்லூரி மாறியது ஒழுக்கக் குறைவால் அல்ல. தாயின் கடிதங்கள் என்னிடம் உள்ளன. பதினொரு வயதில், இங்கே வந்திருந்தபோது, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒரு மணித்தியாலம், கடலைக் கொந்தளிக்க வைக்கும் சோளகக் காற்றில், மண்முட்டி நிறையத் தயிரை மடியில் வைத்துக்கொண்டு படகில் வந்தான். வழியில் அலையில் தலை சுற்றி இரண்டு தரம் சத்தி எடுத்தான். முட்டியை விடவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது தயிரில் ஒரு கரண்டியும் குறையவில்லை. இவனிடம் கொடுத்த பொருள் பத்திரமாகப் போய்ச்சேரும்."

வின்சன்ற் சுவாமியார் இரண்டு தரம் வாசித்தார். "இதெல்லாம் உண்மைதானே அம்மா?" என்று கேட்டார். "சுவாமி, நான் மடத்தில படிச்சனான்" என்றேன். கையெழுத்து வைத்து, பங்கு முத்திரையும் குத்தினார். முகவரியை நிலக்சனா தேடித் தந்தாள். பதிவுத்தபாலில் போட்டுவிட்டேன். டிலானுக்கு இப்போது சொல்லாதே.

உன் அக்கா,
யூலியட்


ஸ்காபரோ
14.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முழங்காலும் நீங்களும் நூறு வருடம் இருக்கவேண்டும்.

முதலில் உண்மையைச் சொல்கிறேன், உங்கள் கடிதம் கிடைத்ததும் எனக்குக் கோபம். பயிற்றுநருக்குப் போய்க் கோப்பை கழுவாததையா எழுதுவார்கள்? டிலானிடம் சொன்னேன். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, "பெரியம்மா என்னைக் கொன்றுபோட்டா" என்றான். பிறகு பிரதியைக் கேட்டு வாங்கினான். வாசித்துவிட்டுத் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டான்.

போன வியாழன் அயோவாவிலிருந்து அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டு மூவரும் கேட்டோம். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே பேசினார். "இருபத்தாறு வருடமாக இப்படிக் கடிதங்கள் வாசிக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் எல்லாப் பிள்ளையும் தேவதூதர்கள். கோப்பையை மேசையில் விடுகிற ஒருவனை இப்போதுதான் சந்திக்கிறேன். குறையை எழுதுகிறவர் நிறையையும் அளந்துதான் எழுதியிருப்பார். போன வருடம் நாங்கள் தோற்ற நாலு ஆட்டமும் பந்தைக் கீழே போட்டுத் தோற்றவை. எனக்கு அந்தத் தயிர்ப் பையன் வேண்டும்" என்றார்.

அக்கா, எடுத்துவிட்டார்கள். கிறிஸ்ரி குசினிக்குள் அடுப்புக்கு முன்னால் ஆடினார், ஒரு கோப்பை உடைந்தது. ஆடும் அணியில் இடம் நிச்சயமில்லை, ஓகஸ்ற்றில் மற்றவர்களோடு ஓடி வென்று எடுக்கவேண்டும். அது அவன் பாடு.

ஒரு விஷயம். அந்த வருடம் நானும்தானே உங்கள் வீட்டில் நின்றேன். நெடுந்தீவுத் தயிர் சாப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. எனக்கும் வயது போகிறது போலும்.

அன்புத் தங்கை,
ஜெனீற்றா


ஊர்காவற்றுறை
16.09.2024

அன்புள்ள ஜெனீற்றா,

உன் நினைவாற்றலை இப்போது ஆராயத் தேவையில்லை. பார்ப்பதற்கு வேறு வேலை இருக்கிறது.

முதலாவது ஆட்டத்திலேயே அவனை இறக்கினார்கள். மண்டைதீவிலிருந்து மருமகப் பிள்ளைகள் உட்படப் பதினேழு பேர், பூசை முடிந்து என் வீட்டில். நிலக்சனா படத்தைத் தொலைக்காட்சியில் போட்டாள். இடது காலில் இரும்புப்பட்டை கட்டியிருக்கிறான். முதல் தரம் பந்தை வாங்கியபோது நான் கண்ணை மூடிவிட்டேன். பிலோமினம்மா சொல்லிக்கொண்டே வந்தாள்: "போறான்... இடிச்சுப்போட்டான்... விழேல்லையடி, விழேல்லை... யூலியட், கண்ணைத் திறவும்." திறந்தேன். எல்லைக்கு அப்பால் நின்று, பந்தை நடுவரிடம் இரண்டு கையாலும் கொடுத்தான், பூசையில் காணிக்கை கொடுப்பது போல. டெனிஸ்ரன் மேசையில் அடித்ததில் தேநீர் முழுவதும் விரிப்பில். நான் அவனை ஏசவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

இரண்டாவது ஆட்டத்திலும் வென்றார்கள். இரண்டிலும் அவன் பந்தைக் கீழே போடவில்லை என்று கொப்பியில் குறித்திருக்கிறேன். நீயும் எண்ணு, நான் ஒன்றைத் தவறவிட்டாலும் விடுவேன்.

போன வெள்ளி சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வழக்கத்தைவிடச் சற்று நேரம் எடுத்தது. ஏன் என்று உனக்கு எழுதவேண்டியதில்லை.

உன் அக்கா,
யூலியட்


அயோவா
24.11.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் கால் எப்படி? சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்ததை வைத்து நானே எழுதுகிறேன். அம்மாவிடம் கேட்க முடியாது, ஏன் என்று கடைசியில் தெரியும்.

நேற்றுக் கடைசி ஆட்டம். வென்றால் எங்கள் பிரிவில் கிண்ணம். முடிய நாலு நிமிடம் இருக்கும்போது நாங்கள் மூன்று புள்ளி முன்னுக்கு. பந்து எங்களிடம். இனிப் புள்ளி தேவையில்லை, பந்தை மட்டும் விடக்கூடாது. மற்ற அணிக்கும் அது தெரியும். என்னை விழுத்த அவர்கள் வரவில்லை, பந்தைப் பிடுங்கத்தான் வந்தார்கள்.

பயிற்றுநர் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு சொல் சொன்னார்: "தயிர்."

ஆறு தரம் தொடர்ந்து எனக்கே தந்தார்கள். ஒவ்வொரு தரமும் நாலைந்து பேர் மேலே. பந்தில் குத்துகிறார்கள், விரலைப் பிரிக்கிறார்கள். பனி கொட்டுகிறது. இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்தேன். நாலாவது தரம் காலுக்குக் கீழே பூமி படகு மாதிரி ஆடியது. ஆறாவது தரம் எழும்பி நின்று, எல்லாருக்கும் முன்னால் சத்தி எடுத்தேன். மணி அடித்தது. பந்து என் கையில் இருந்தது. பெரிய பையன்கள் அழுதார்கள். அப்பா வேலி பாய்ந்து வந்து, காவலாளியிடம் பேச்சு வாங்கினார்.

இந்த வருடம் நூற்று நாற்பத்து மூன்று தரம் பந்து வாங்கினேன். ஒரு தரமும் போடவில்லை.

இனி மற்ற விஷயம். ஓகஸ்ற்றில் முதல் நாள், பயிற்றுநர் உங்கள் கடிதத்தை முழு அணிக்கும் வாசித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பெரியம்மா, அந்த முட்டி குறிகட்டுவானில் உடைந்தது. படகிலிருந்து இறங்கும்போது என் கையிலிருந்து விழுந்தது. நீங்கள் எல்லாருக்கும் முன்னால் ஏசினீர்கள். ஊர்காவற்றுறை வரும்வரை பேருந்தில் என்னோடு கதைக்கவில்லை. அம்மாவிடம் தயிர் முடிந்துவிட்டது என்று சொன்னோம்.

நான் பயிற்றுநரிடம் உண்மையைச் சொல்லவில்லை. நீங்கள் பொய் சொல்லமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நீங்கள் எனக்காக ஒன்றை எழுதி, முத்திரையும் குத்தி அனுப்பியிருக்கிறீர்கள். அதை உண்மையாக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதனால்தான் போடவில்லை.

அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்.

உங்கள் மகன்,
டிலான்


ஊர்காவற்றுறை
15.12.2024

அன்புள்ள மகன் டிலானுக்கு,

உன் எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது. மூன்று தரம் வாசித்தேன், எழுத்து விளங்காததால் அல்ல.

கடைசி நாலு நிமிடத்தை நாங்களும் பார்த்தோம். நான் கதிரையில் ஏறி நின்றதாக நிலக்சனா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். உண்மை. இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது.

சுவாமியாரிடம் என் பொய்யைச் சொன்னேன். பரிகாரமாக ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை ஒன்று சொல்லச் சொன்னார், அதை முடித்தேன். முடித்தும் மனம் ஆறவில்லை, ஏனென்றால் பெரிய பாவத்தை அவரிடம் சொல்லவில்லை. அதை உன்னிடம்தான் சொல்லவேண்டும். முட்டி கையிலிருந்து விழுந்தது என்று எழுதியிருக்கிறாய். ஏன் விழுந்தது என்று எழுதவில்லை. படியில் நான்தான் தடுமாறினேன். என்னைப் பிடிக்க நீ ஒரு கையை எடுத்தாய். அது எனக்கு அப்போதே தெரியும். ஆட்கள் பார்க்க நான் தடுமாறியதை ஒத்துக்கொள்ள ஏலாமல், பிள்ளையை ஏசினேன். பத்து வருடமாக அந்தப் பேருந்துப் பயணம் என்னோடு இருக்கிறது.

உன் பயிற்றுநருக்கு உண்மையை எழுதி, உறையும் ஒட்டி வைத்திருக்கிறேன். கிண்ணம் வென்ற மனிதர், கோபிக்கமாட்டார். நீ சரி என்றால் தபாலில் போடுவேன்.

படிப்பு முடிந்ததும் ஜூலையில் வா. சோளகம் அடித்துக்கொண்டிருக்கும். நெடுந்தீவில் தயிர் விற்கும் சின்னாச்சியிடம் ஒரு முட்டி தயிருக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். இந்த முறை முட்டியை நான் பிடிக்கிறேன். குறிகட்டுவானில் நீ முதலில் இறங்கி, இரண்டு கையாலும் என்னைப் பிடி. முட்டி விழுந்தால் விழட்டும். வீடு வரைக்கும் கதைத்துக்கொண்டு வருவோம்.

கோப்பையைக் கழுவி வை.

உன் பெரியம்மா,
யூலியட் பத்திநாதர்